பேராமை வளர்ப்பு, குளிர்நாடுகளில்

பேராமை வளர்ப்பு, குளிர்நாடுகளில்: வெப்ப மண்டலத்துக்கும் அதனை அடுத்த வறண்ட நிலங்களுக்கும் உரியனவாகிய பெரிய நில ஆமைகளை, உறைபனி பெய்யும் தேசங்களில் மனைகளிலும் மிருகக்காட்சி சாலைகளிலும் வைத்துப் பேணும் முறை. பெரிய நில ஆமைகள் என்று இங்கே கொள்ளப்படுபவை முக்கியமாக மூன்று: இந்து மகாசமுத்திரத்தில் சீஷெல்ஸ் கூட்டத்தைச் சேர்ந்த அல்டாப்ரா பவழத்தீவின் பேராமை, பசிபிக் மகாசமுத்திரத்துக் கலாபகஸ் தீவுகளின் பேராமை, சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் வளைதோண்டி வாழும் சல்கேட்டா என்னும் ஆப்பிரிக்க ஆமை. முதலிரண்டிலும் ஆண் ஆமை 250 கிலோ எடையை எட்டுவது அரிதன்று. மூன்றாவது 40, 50 கிலோவோடு பெரும்பாலும் நின்றுவிடும் எனினும், முட்டையினின்று வெளிவரும்போது உள்ளங்கையில் அடங்கிவிடுவதால், குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக வீடு புகுந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கதவை முட்டித் தள்ளும் பிராணியாக வளர்ந்து, வளர்ப்போரை இடர்ப்படுத்துவதில் மற்ற இரண்டையும் விஞ்சியது இதுவே. இந்திய நட்சத்திர ஆமை உருவத்தால் பெரியதன்று. ஆயினும் தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளிலிருந்து களவாகக் கடல் கடந்து செல்வது அதுவேயாதலின் இக்கட்டுரையில் அதுவும் இடம் பெறுகிறது.

வரலாறு

ஆமையைப் பற்றிய சிந்தனை நம் நாட்டில் மிகத் தொன்மையானதாயினும், அதனை வீட்டில் வளர்க்கும் வழக்கம் தமிழரிடையே வேரூன்றவில்லை. பாற்கடலைக் கடைந்தபோது மந்தரமலையைத் தாங்கிய கூர்மாவதாரத்தைப் போற்றும் அதே மக்கள், ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்ற பழமொழியையும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். காஞ்சிபுரத்துக் கச்சபேசுவரர் கோயிலில் திருமால் ஆமை வடிவங்கொண்டு சிவபெருமானை வழிபட்டார் என்பது தலபுராணம். அங்கே கைகூப்பித் தொழுது வீடு திரும்பும் அம்மையார், தம் வாசற்படியில் உண்மையான ஆமையொன்று ஊர்ந்து வரக் கண்டால், பிள்ளைகளை ஏவி அதனை ஏரிக்கரையில் விட்டுவரச் செய்துவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குப் போவார். ஆந்திர தேசத்தில் ஸ்ரீகாகுளத்தை அடுத்த ஸ்ரீகூர்மத்தில் நிலைமை வேறு. திருமால் கூர்ம வடிவிலேயே அங்கு மூலவராக எழுந்தருளியிருத்தலின், நட்சத்திர ஆமைகள் கோயிலைச் சார்ந்தே பேணப்படுகின்றன.

பேராமை இந்திய மண்ணுக்கு முற்றும் அந்நியமானது என்றும் சொல்வதற்கில்லை. 1830-களில், சகாரன்பூர்த் தோட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த ஹியூ பால்கனரும், பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டுவித்துப் பெயர்பெற்ற பொறியாளர் புரோபி காட்லியும் சிவாலிக் குன்றுகளில் அகழ்ந்தெடுத்த எலும்புகளுள், அதுகாறும் எவரும் கண்டிராத அளவுடைய நில ஆமையொன்றின் ஓட்டுத் துண்டுகளும் இருந்தன. அதன் ஓடு 12 அடிக்கும் மேற்பட்டது என்று பால்கனர் மதிப்பிட்டார். பிற்கால அளவீட்டாளர் அதனை ஆறேழு அடியாகக் குறைத்துவிட்டனர். உலகைத் தாங்கும் ஆமையைப் பற்றிய இந்துக்களின் ஐதிகத்துக்கு இவ்விலங்கே மூலமாயிருத்தல் கூடும் என்று பால்கனர் கருதியது அழகான ஊகமாயினும், மனிதன் அவ்வாமையை உயிரோடு கண்டான் என்பதற்குச் சிவாலிக் எலும்புகள் சான்று தரவில்லை.

பேராமை குளிர்நாட்டாரின் கைக்குச் சென்ற வரலாற்றிலோ, விசித்திரமானதொரு வழியால் தமிழகக் கடற்கரையின் பெயர் பதிந்து நிற்கிறது. லூவர் அரண்மனையின் கிழக்கு முகப்பை வகுத்தவருள் ஒருவரும் வைத்தியரும் உடற்கூற்று ஆராய்ச்சியாளருமாகிய குளோது பெரோ, பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தார் அறுத்து ஆராய்ந்த விலங்குகளைப் பற்றி 1676-இல் வெளியிட்ட நூலில், இந்தியாவில் சோழமண்டலக் கரையிலே பிடிக்கப்பட்டது என்ற குறிப்போடு பெரிய நில ஆமையொன்றை வருணிக்கின்றார். மூக்கின் நுனி முதல் வாலின் நுனிவரை அது நாலரை அடி. ஓடு மட்டும் மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்டது. இந்தக் குறிப்பை நம்பியே ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1783-இல் ஷ்னைடர் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் அவ்வினத்துக்கு இந்தியாவைக் குறிக்கும் ‘இந்திகா’ என்ற சிறப்புப் பெயரைச் சூட்டினார்; பாரிஸ் மியூசியத்தில் அந்த ஆமையினுடையதென்று கருதப்படும் ஓடு இன்றும் காக்கப்படுகிறது. ஆனால் பழவேற்காட்டிலிருந்து கோடிக்கரை வரை எங்கு தேடினும் அத்தகைய ஆமை அக்காலத்திலும் அகப்பட்டிராது. சோழமண்டலக் கரைக்கும் பிரான்சுக்குமிடையே சென்று மீண்ட கப்பல்கள் வழியில் நங்கூரமிட்டுத் தண்ணீரும் மாமிசமும் ஏற்றிக்கொண்ட இடங்களுள் ஒன்று, இன்று ரீயூனியன் எனப்படும் பூர்போன் தீவு; அத்தீவின் ஆமையே கப்பலேறி, கப்பல் புறப்பட்ட கரையின் பெயரைத் தன் பிறப்பிடமாகப் பெற்று, பாரிஸ் நகரில் அறுக்கப்பட்டது. தீவிலிருந்த அதன் சுற்றத்தாரை மாலுமிகளும் குடியேறியவர்களும், அவர்கள் கொண்டுவந்த பன்றிகளுமாகச் சேர்ந்து 1840-ஐ ஒட்டி அடியோடு அழித்துவிட்டனர். பிழையான பெயர் மட்டும், உயிரியல் நாமகரண விதிகளின் பிடிவாதத்தால், இன்றளவும் மாறாதிருக்கிறது.

மாதக்கணக்கில் உணவும் நீருமின்றிக் கப்பலின் அடித்தட்டில் உயிரோடு கிடக்கும் சக்தியே பேராமைக்கு எமனாயிற்று. குளிர்நாட்டில் அதனை வளர்க்கப் புகுந்தோரும் இச்சக்தியைத் தவறாகவே புரிந்துகொண்டனர். எதையும் தாங்கும் பிராணி என்று எண்ணினர். இவ்வெண்ணத்துக்குத் துணைபோனது இங்கிலாந்தில் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வொயிட் வளர்த்த திமொத்தி என்னும் ஆமையின் கீர்த்தி. ரிங்மர் என்ற ஊரில் அவருடைய அத்தை ரெபக்கா ஸ்னூக் பல்லாண்டு வளர்த்த அதனை, அவ்வம்மையார் இறந்தபின் 1780-இல் தம் தோட்டத்துக்குக் கொண்டுவந்த வொயிட், கார்த்திகை வாக்கில் அது மண்ணைத் தோண்டிப் புதைவதையும் சித்திரை வாக்கில் வெளிப்படுவதையும் ஆண்டுதோறும் குறித்துவைத்தார். ஆண் பெயரால் அழைக்கப்பட்ட அது பெண் என்பது அதன் மரணத்துக்குப் பின்பே தெரிந்தது. திமொத்தி மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்த சிற்றினம். மழையும் குளிரும் கூடிவரும் மாசங்களை உறங்கிக் கழிக்கும் இயல்பு அதன் இரத்தத்தில் உள்ளது. அல்டாப்ரா ஆமைக்கோ சல்கேட்டாவுக்கோ நம் நட்சத்திர ஆமைக்கோ அவ்வியல்பு இல்லை. ஆங்கில வாசகர் திமொத்தியைப் படித்துவிட்டு எல்லா ஆமைகளும் பனிக்காலத்தில் உறங்கும் என்று முடிவு கட்டியதன் பயனாய், வெந்நிலத்து ஆமைகள் பல குளிர்ந்த கொட்டகைகளிலே கிடந்து, உறங்குவதாக வீட்டார் நம்பியிருக்கையில் உயிர்நீத்தன.

வெப்ப நாடுகளில் வைக்கப்பட்ட பேராமைகளின் கதை இதற்கு நேர்மாறு. மரியோன் து பிரெஸ்ன் என்னும் பிரெஞ்சுக் கடலோடி 1766-இல் சீஷெல்ஸ் தீவுகளிலிருந்து மொரிஷியசுக்குக் கொண்டுவந்த ஆமைகளுள் ஒன்று, போர்ட் லூயிஸ் நகரத்துப் பட்டாளக் கொத்தளத்தில் 1918 வரை வாழ்ந்து, முதுமையால் அன்றிப் பீரங்கி மேடையில் தவறி விழுந்து மாண்டது. கல்கத்தாவில் ராபர்ட் கிளைவுக்கு உரியதாயிருந்தது என்று சொல்லப்படும் அத்வைதா என்னும் பேராமை, பாரக்பூர் மாளிகைத் தோட்டத்திலிருந்து 1870-களில் அலிப்பூர் மிருகக்காட்சி சாலைக்கு வந்து, 2006 மார்ச் 22 அன்று, இருநூற்றைம்பது வயதைக் கடந்துவிட்டது என்ற புகழோடு மறைந்தது. வங்கத்தின் தை மாதத்துக் குளிர் அதற்கு ஒரு பொருட்டாயிருக்கவில்லை. நண்பகல் வெயில் தவறாது கிடைத்து வந்தமையே காரணம்.

ஐரோப்பாவில் பேராமைகளைக் கூட்டமாகச் சேர்த்தவர்களுள் தலையாயவர் வால்ட்டர் ராத்ஸ்சைல்டு பிரபு. லண்டனுக்கு வடக்கே டிரிங் என்ற ஊரில், நெடுந்தொப்பியணிந்து, கோல் நுனியில் இலைக்கீரையைக் கட்டி ஆமையின் மூக்குக்கு முன்னே நீட்டியபடி அதன் முதுகிலே அவர் சவாரி செய்யும் புகைப்படம் பிரசித்தமானது. வேடிக்கை மனிதராகத் தோன்றினும், அல்டாப்ரா ஆமைகளைக் காக்கப் பொருளுதவி செய்தவர் அவர். அதற்கு முன்னரே, 1874-இல், சார்லஸ் டார்வினும் ஜோசப் ஹூக்கரும் ரிச்சர்ட் ஓவனும் பிறரும் சேர்ந்து, அல்டாப்ராவில் மரம் வெட்டத் தொடங்கினால் ஆமைக்குலம் அழியும் என்று மொரிஷியஸ் கவர்னருக்கு விண்ணப்பம் விடுத்திருந்தனர். ஒருவரையொருவர் ஒப்பாத டார்வினும் ஓவனும் ஒரே தாளில் கையொப்பமிட நேர்ந்தது ஆமையின் புண்ணியம். குளிர்நாட்டில் பேராமையை வாழவைத்தல் மட்டுமன்றிக் குஞ்சு பொரிக்கவும் வைக்கலாம் என்று காட்டியது சுவிட்சர்லாந்தின் சூரிக் மிருகக்காட்சி சாலை. 1946-இல் அங்கு வந்த நிக்ரிதா என்னும் கலாபகஸ் ஆமை 1989 முதல் குஞ்சுகளுக்குத் தாயாயிற்று. நாற்பதாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு!

உடலியல்பு

ஆமை தன் சரீரத்துக்குள் உஷ்ணத்தை உண்டாக்கிக்கொள்ள வல்லதன்று. வெயிலிலும் சுடுமண்ணிலுமிருந்து கடன் வாங்கியே அது நடக்கிறது, உண்கிறது, உண்டதைச் செரிக்கிறது. அதன் உடற்சூடு 30 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியிருக்கும்போது பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் சருகையும் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன; உடல் குளிர்ந்துவிட்டாலோ ஜீரணம் நின்று, தின்ற தீனி வயிற்றிலேயே அழுகுகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாகிய திருமுக்கூடலில், மார்கழி விடியலில் பெருமாள் கோயிலுக்குப் போவோர் காதில் துண்டைச் சுற்றிக்கொள்ளும் அளவு குளிரினும், உஷ்ணநிலை 20 டிகிரிக்குக் கீழே பெரிதும் இறங்குவதில்லை. ஒன்பது மணிக்குள் ஆற்றுமணல் சுடத் தொடங்கிவிடும். ஈழத்தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறியுள்ள சூரிக்கிலும் டொராண்டோவிலும் தை மாதத்து நிலை பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழாகவோ வாரக்கணக்கில் நிற்கும். நம் மாநிலத்திலேயே கடல்மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் உறைபனி விழும் இரவுகள் உண்டு. அங்கேயும் நட்சத்திர ஆமை இயற்கையில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

உடல் பருத்திருப்பதால் விளையும் நன்மையும் தீமையும் ஒருங்கே உண்டு. நூறு கிலோ ஆமை மெதுவாகவே ஆறுமாதலால், பனிக்கால நண்பகலில் வெயில் தெளிந்த ஒரு மணி நேரம் வெளியே உலாவிவிட்டு வருவதால் அதற்குக் கேடில்லை. ஆனால் இரவு முழுதும் குளிர்ந்துபோன பேராமையை மறுபடி உள்ளூரச் சூடேற்றுவது ஒரு பகலில் முடியும் காரியமன்று. ஓட்டைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாயிருக்கும், உள்ளே குளிர் குடியிருக்கும்.

வெளிச்சமும் வெப்பத்துக்குச் சமமான தேவை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களுள் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுடையவை தோலிற் பட்டால்தான் டி வைட்டமின் உண்டாகும். அவ்வைட்டமின் இல்லாமற்போனால் தின்னும் சுண்ணாம்புச் சத்து ஓட்டையும் எலும்பையும் சென்று சேராது. சன்னற்கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடுகிறது. ஆதலால், கண்ணாடிக்குப் பின்னே வெயில் காயும் ஆமைக்குச் சூடு மட்டுமே கிடைக்கிறது. ஓடு நாளடைவில் தோல் போல் மெலிந்து வளைகிறது. அதற்கென்று செய்யப்படும் விளக்குகளும் கண்ணுக்கு ஒளி குறையாதிருக்கும்போதே புற ஊதாத் திறனை இழந்துவிடுவனவாகையால், எரிந்துகொண்டிருக்கிறது என்பதை நம்பி வாளாவிருத்தல் தகாது.

உறைவிடம்

வீட்டுக் கூடமோ சமையலறையோ பேராமைக்கு உறைவிடமாகா. இரட்டைச் சுவருக்கிடையே தெர்மோகோல் நிரப்பி, ஆமை அதனைக் கடித்துத் தின்னாதபடி உட்புறம் பலகையடித்த தனிக் கொட்டகை வேண்டும். ஆமை தான் போக நினைத்த திசையில் எது நின்றாலும் தோளால் தள்ளுமாதலின், பலகை தரைமட்டத்திலிருந்து இரண்டடி உயரத்துக்கேனும் தடித்ததாயிருத்தல் அவசியம். கம்பி வலையை அது தடையாகவே மதிப்பதில்லை. வாசலில், குளிர்பதனக் கிடங்குகளில் தொங்குவன போன்ற தடித்த பிளாஸ்டிக் பட்டைத் திரை இட்டால், ஆமை போகவும் வரவும் சூடு உள்ளேயே தங்கும். இரவிலும் உட்புறம் 20 டிகிரிக்குக் குறையலாகாது. பகலில் ஒரு மூலையேனும் 30-க்கு மேலிருக்கவேண்டும்.

சூடேற்றும் விதத்திற்றான் பெரும்பாலோர் தவறுகின்றனர். தலைக்குமேல் தொங்கும் ஒற்றை விளக்கு, சிறிய ஆமைக்குச் சூரியனாகலாம். மேலோடு இரண்டடி உயரமுள்ள பேராமைக்கு அது கொள்ளிக்கட்டை. ஓட்டின் உச்சி கருகிப் புண்ணாகும்போதும் வயிற்றுப்புறம் குளிர்ந்தே கிடக்கும்; குளிர்ந்திருப்பதால் ஆமை அவ்விடம்விட்டு நகராது; நகராமையால் புண் ஆழும். தரையடிச் சூடும், எண்ணெய் ரேடியேட்டரும், அகன்ற வெப்பப் பலகையுமே தகும். எல்லாவற்றுக்கும் தெர்மோஸ்டாட் இன்றியமையாதது. வைக்கோல் பரப்பிய தரையும் எரியும் விளக்கும் ஓரிடத்தில் இருத்தல் தீ விபத்துக்கு அழைப்பு. மின்சாரம் நின்றுபோகும் நாளையும் எண்ணியே கொட்டகை அமைக்கவேண்டும்: 2013 டிசம்பரில் உறைமழைப் புயலால் டொராண்டோ நகரில் ஏறக்குறைய மூன்று லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டு, பல இல்லங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய இரவில் நூறு கிலோ ஆமையைத் தூக்கிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போவதென்றால் நாலு ஆளும் ஒரு வண்டியும் வேண்டும். அபார்ட்மெண்ட் மாடிப்படியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

உணவும் நோயும்

புல்லே பிரதான ஆகாரம்; பனிக்காலத்தில் உலர்ந்த புல். சப்பாத்திக்கள்ளியின் மடல் முள்நீக்கித் தரத் தக்கது. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு நன்று. நம்மவர் பாச மிகுதியால் மீந்த சோற்றையும் வாழைப்பழத்தையும் நீட்டுவதுண்டு; இரண்டும் குடலின் நுண்ணுயிர்களைக் குலைத்துக் கழிச்சலை உண்டாக்கும். பூனைக்கும் நாய்க்கும் உரிய டப்பா உணவு சிறுநீரகத்துக்குத் தீது.

இளம் சல்கேட்டாவின் ஓட்டிலே கட்டங்கள் ஒவ்வொன்றும் கூம்பாக எழும்பிவிடுவது குளிர்நாட்டு வளர்ப்பில் எங்கும் காணப்படும் குறை. மிகுந்த புரதமே இதற்குக் காரணம் என்று முன்பு சொல்லிவந்தனர். முதன்மையான காரணம் காற்றின் வறட்சி என்று இப்போது கருதுகின்றனர். பனிக்காலத்தில் சூடேற்றிய அறையின் காற்று பாலைவனத்தைவிட வறண்டது, பாலைவனத்திலோ ஆமைக்குஞ்சு ஈரமுள்ள வளைக்குள் பகலைக் கழிக்கிறது. வெந்நீர் கலந்த ஆழமற்ற தொட்டியில் அடிக்கடி அமர்த்துவதும், ஈரப்பாசி நிரப்பிய மறைவிடம் ஒன்று அமைப்பதும் போதும்.

உயிருக்கு உலைவைப்பது சளி. ஆமைக்கு நம்மைப் போன்ற உதரவிதானம் இல்லையாதலால் இருமிக் கோழையை வெளித்தள்ள இயலாது; மூக்கில் நீர் வடிவதும், கழுத்தை நீட்டி வாய்திறந்து மூச்சுவிடுவதும் கண்டால் நுரையீரலில் சீழ் கட்டத் தொடங்கிவிட்டது என்று கொள்ளவேண்டும். சூட்டை உயர்த்தாமல் ஊசிமருந்து மட்டும் போடுவதில் பயனில்லை. குளிர்ந்த உடலில் மருந்தும் ஓடாது. நோயாளிகளுக்குப் பதினைந்து படுக்கையும் வைத்தியரும் சல்லியக்கிரியை செய்வோரும் மருந்து வகைகளும் இன்னின்னவென்று வகுத்துத் திருமுக்கூடல் கோயிற் சுவரில் வீரராஜேந்திர சோழன் கல்லில் வெட்டுவித்த ஆதுலசாலை போல ஆமைக்கும் ஒன்று வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்லலாமேயன்றி, ஊர்வனவற்றின் நோயறிந்த கால்நடை வைத்தியர் மேல்நாடுகளிலும் எல்லா ஊரிலும் இல்லை.

இன்றைய நிலை

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976-இல் நிறுவப்பட்ட முதலைப் பண்ணையில் அல்டாப்ரா பேராமைகள் யாதொரு கொட்டகைச் சூடுமின்றி வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று 2021-இல் களவு போயிற்று. நட்சத்திர ஆமை 2019-இல், அருகிவரும் உயிரினங்களைப் பற்றிய சர்வதேச வாணிப உடன்படிக்கையின் முதற்பட்டியலிலும், 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் சேர்க்கப்பட்டது. அதனை வைத்திருத்தல் குறைந்தது மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றம். அல்டாப்ரா, சல்கேட்டா முதலிய அயல்நாட்டு ஆமைகளை இந்தியாவில் வைத்திருப்போர் 2024-இல் வந்த விதிகளின்படி அரசாங்கத்தின் பரிவேஷ் என்னும் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும்.